கணிக்காமல் நிற்கும் கோவை

இரு மிகை முழு எண்களின் கனங்களது கூடுதலாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் 1729 என்று ஹார்டியிடம் கூறினார், கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன். 1³ + 12³ ஒரு வகை. 9³ + 10³ மற்றொன்று.

மாணவர்களே, இக்கோவைகளைப் பைத்தான் மொழியில் இட்டால் கணினி உடனே கூட்டி, 1729 என விடையை மட்டும் காட்டும். விடை சரியே, வியப்பு எங்கே? நூலில் அச்சிட வேண்டியது கோவையன்றோ! (கோவை என்பது இங்கு ஊரன்று; எண்களையும் குறிகளையும் கோத்தது.)

பைத்தானின் இயற்கணித நூலகமாகிய சிம்பை இதற்கு வழி தருகிறது. அடுக்கு, கூட்டல் இரண்டையும் அமைக்கும்போதே ‘மதிப்பிடாதே’ என்னும் ஆணையைத் தனித்தனியே இடவேண்டும். அடுக்கிற்கு இடாவிடில் 1 + 1728 என்றே நிற்கும். பின்னர் லேடெக்ஸ் வடிவம் கேட்டால், அடுக்கெண் மேலேறி நிற்கும் அச்சுவடிவத்திற்குரிய குறிமொழி கிடைக்கும். விடை வேண்டும்போது ‘டூஇட்’ என்று கட்டளையிட்டால் போதும், 1729 வரும்.