டர்பைனைத் தொடக்குவதும் கட்டுப்படுத்துவதும்: மின்நிலையத்தின் உள்ளே ஒரு பாடம்



சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. அந்த மின்சாரத்தைத் தரும் மின்நிலையமும் ஒரு பொத்தானைத் தட்டியதும் ஓடத் தொடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லைங்க.

1996 ஆகஸ்டு 3, சனிக்கிழமை மாலை. திரெங்கானு மாநிலத்தின் பாக்கா மின்நிலையத்தின் அருகே ஒரு மின்கடத்தித் தடத்தில் ஏற்பட்ட துண்டிப்பு, தீபகற்ப மலேசியா முழுவதையும் இருளில் தள்ளியது. மின்சாரம் போனது சில நொடிகளில். திரும்பி வர ஆனதோ பல மணி நேரம். போவதற்கு நொடி, வருவதற்கு மணிக்கணக்கு. ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை சொல்லத் தெரிந்தால், மின்காந்தத் தூண்டல், ஆற்றல் அழியா விதி, மாறுதிசை மின்னோட்டம் ஆகிய மூன்று பாடங்களும் ஒன்றாகப் புரிந்துவிடும். படிப்படியாகப் பார்ப்போம்.

1. எரிவாயு டர்பைன் ஏன் தானாகத் தொடங்காது?

எரிவாயு டர்பைனில் மூன்று பகுதிகள் உண்டு. முன்னால் காற்றை அழுத்தும் அமுக்கி. நடுவில் எரிபொருள் எரியும் எரியறை. பின்னால், சூடான வாயு பாய்ந்து சுழற்றும் டர்பைன் அலகுகள். அமுக்கியும் டர்பைனும் ஒரே தண்டில் பூட்டப்பட்டவை. மின்னாக்கியும் அதே தண்டோடுதான் இணைந்திருக்கும்.

இங்கேதான் சிக்கல். எரிபொருள் நன்றாக எரிய அழுத்திய காற்று வேண்டும். காற்றை அழுத்த அமுக்கி சுழல வேண்டும். அமுக்கியைச் சுழற்ற டர்பைன் வேண்டும். டர்பைன் சுழல எரிபொருள் எரிய வேண்டும்! விதை முதலா மரம் முதலா என்ற கதை மாதிரி இல்லையா?

அமுக்கி எவ்வளவு ஆற்றலை விழுங்கும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று. 1939-இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் நகரில், பொது மின்வழங்கலுக்கான உலகின் முதல் எரிவாயு டர்பைன் மின்நிலையத்தை பிரவுன் போவரி நிறுவனம் அமைத்தது. அதில் டர்பைன் உண்டாக்கிய திறன் 15,400 கிலோவாட். அதில் 11,400 கிலோவாட்டை அமுக்கியே எடுத்துக்கொண்டது. மின்னாக்கிக்குக் கிடைத்தது 4,000 கிலோவாட் மட்டுமே. கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு உள்ளேயே செலவு! இன்றைய இயந்திரங்கள் எவ்வளவோ மேம்பட்டவை. ஆனாலும் டர்பைன் தரும் திறனில் பாதி அல்லது அதற்கும் மேல் அமுக்கிக்கே போகிறது.

ஆகவே, வெளியிலிருந்து ஒருவர் பிடித்துச் சுழற்றிவிட வேண்டும். அந்த வேலையைச் செய்வது தொடக்கி. சிறிய இயந்திரத்துக்கு மின்மோட்டாரோ டீசல் இயந்திரமோ போதும். விமான இயந்திரத்துக்கு அழுத்திய காற்று. பெரிய மின்நிலைய டர்பைனுக்கு இன்னொரு அழகான வழி உண்டு: அதே மின்னாக்கிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, அதையே மோட்டாராக ஓட்டுவது. மின்னாக்கியும் மோட்டாரும் அமைப்பில் ஒன்றுதான், ஆற்றல் போகும் திசைதான் வேறு என்று வகுப்பில் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

2. தொடக்கும் படிகள்

படி ஒன்று: எண்ணெய். தண்டு அசைவதற்கு முன்பே தாங்கிகளுக்கு மசகு எண்ணெய் போய்ச் சேர வேண்டும். பல டன் எடையுள்ள தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துதான் சுழல்கிறது. எண்ணெய் அழுத்தம் இல்லை என்றால் அடுத்த படிக்குப் போகக் கட்டுப்பாட்டு அமைப்பு விடாது.

படி இரண்டு: காற்றோட்டித் துப்புரவாக்கல். தொடக்கி தண்டை முழு வேகத்தில் ஏறக்குறைய 20 முதல் 30 விழுக்காடு வரை கொண்டுபோகும். இன்னும் எரிபொருள் திறக்கவில்லை. சில நிமிடங்களுக்கு வெறும் காற்று மட்டும் உள்ளே பாய்கிறது. எதற்கு? முந்தைய ஓட்டத்தில் எரியாமல் தங்கிய வாயு உள்ளே இருந்தால், முதல் பொறியிலேயே வெடித்துவிடும். வீட்டில் கேஸ் வாடை வந்தால் முதலில் சன்னலைத் திறக்கிறோம் இல்லையா, அதே அறிவுதான்.

இந்தப் படி எவ்வளவு முக்கியம் என்பதை 1937 ஏப்ரல் 12 காட்டியது. இங்கிலாந்தின் ரக்பி நகரில் பிராங்க் விட்டில் தம் முதல் ஜெட் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். மின்மோட்டார் சுழற்ற, தீ பற்றியது. உடனே இயந்திரம் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தது. எரிபொருளை மூடியும் வேகம் குறையவில்லை. சுற்றி நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். கசிந்த எரிபொருள் ஏற்கெனவே எரியறைக்குள் தேங்கியிருந்தது. அது தீரும்வரை இயந்திரம் அதை எரித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

படி மூன்று: தீ மூட்டல். வேகம் சற்றுக் குறைக்கப்படும். சுமார் 10 முதல் 20 விழுக்காட்டு வேகத்தில் எரிபொருள் அளவாகத் திறக்கும், பொறி பறக்கும். எரியறைகள் பல இருந்தாலும், பல இயந்திரங்களில் ஒன்றிரண்டில்தான் பொறிமூட்டி இருக்கும். அங்கிருந்து தீ இணைப்புக் குழாய்கள் வழியே மற்ற அறைகளுக்குத் தாவும். தீயைப் பார்க்கும் உணர்விகள் உள்ளன. சில நொடிகளில் தீ தெரியாவிட்டால் எரிபொருள் அடைபடும். மறுபடி துப்புரவாக்கலிலிருந்து தொடங்க வேண்டும்.

படி நான்கு: வேகமெடுத்தல். இப்போது தொடக்கியும் டர்பைனும் சேர்ந்து தள்ளுகின்றன. முழு வேகத்தில் ஏறக்குறைய பாதியைத் தாண்டியதும் டர்பைன் தன் காலில் நிற்கத் தொடங்குகிறது. தொடக்கி கழன்றுகொள்ளும். குழந்தைக்குச் சைக்கிள் பழக்கும்போது பின்னால் பிடித்து ஓடி, சரியான வேகம் வந்ததும் கையை விடுகிறோமே, அதுபோல. கையை முன்கூட்டியே விட்டால் என்ன ஆகும்? டர்பைன் வேகமெடுக்க முடியாமல் நடுவழியில் திணறும். அப்போது எரிபொருளை அள்ளிக் கொட்டினால் வேகம் ஏறாது, சூடுதான் ஏறும். அலகுகள் கருகும்.

படி ஐந்து: முழு வேகம். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். இரு துருவ மின்னாக்கி ஒரு சுற்றுக்கு ஒரு முழு அலையைத் தரும். ஆக நொடிக்கு 50 சுற்று, நிமிடத்துக்கு 3,000 சுற்று.

படி ஆறு: ஒத்தியைத்தல். வேகம் வந்துவிட்டது என்பதற்காக உடனே மின்கட்டமைப்போடு இணைத்துவிட முடியாது. நான்கு பொருத்தங்கள் பார்க்க வேண்டும்: மின்னழுத்தம், அதிர்வெண், கட்டம், கட்டங்களின் வரிசை. பொருந்தாமல் இணைத்தால், ஊர் முழுதும் ஓடும் இயந்திரங்களின் பலம் இந்த ஒரு தண்டை ஒரே உலுக்கில் இழுக்கும். தண்டு முறியக்கூட வாய்ப்புண்டு.

3. இணைந்த பிறகு வேகம் மாறாது!

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கட்டமைப்போடு இணைந்த மின்னாக்கிக்கு எரிபொருளைக் கூட்டினால் அது வேகமாகச் சுழலுமா? சுழலாது. தீபகற்பத்தில் இணைந்துள்ள மின்னாக்கிகள் எல்லாம் ஒரே தாளத்துக்கு ஆடும் கோலாட்டக் குழு போல. ஒருவர் மட்டும் வேகமாக ஆட முடியாது. எரிபொருளைக் கூட்டினால் அந்த இயந்திரம் தரும் திறன்தான் கூடும். வேகம் அப்படியே நிற்கும்.

சரி, ஊர் முழுதும் திடீரென்று குளிர்சாதனங்களைப் போட்டால்? அப்போது மின்னாக்கிச் சுருளில் மின்னோட்டம் கூடுகிறது. லென்ஸ் விதிப்படி, அந்த மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கும். தண்டு கனமாகிறது. எரிபொருள் கூடும்வரை, தேவையான ஆற்றல் சுழலும் தண்டுகளின் இயக்க ஆற்றலிலிருந்து எடுக்கப்படுகிறது. எல்லா இயந்திரங்களும் சேர்ந்து சற்றே மெதுவாகின்றன. அதிர்வெண் 50-க்குக் கீழே இறங்குகிறது. அதிர்வெண்தான் நாட்டின் நாடித்துடிப்பு. தேவையும் உற்பத்தியும் சமமாக இருந்தால் 50. தேவை மிஞ்சினால் குறையும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும்.

4. கவர்னரின் வேலை

வேகத்தைக் கவனித்து எரிபொருளைக் கூட்டிக் குறைப்பது கவர்னர் என்ற கட்டுப்படுத்தி. அது ஒரு விகிதப்படி வேலை செய்யும். பலவற்றில் 4 விழுக்காடு என்று வைத்திருப்பார்கள். அதாவது அதிர்வெண் 4 விழுக்காடு (50-இல் 2 ஹெர்ட்ஸ்) இறங்கினால், இயந்திரம் சுமையற்ற நிலையிலிருந்து முழுச் சுமைக்குப் போகும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். அதிர்வெண் 50-லிருந்து 49.8-க்கு இறங்குகிறது. இறக்கம் 0.2 ஹெர்ட்ஸ். 0.2-ஐ 2-ஆல் வகுத்தால் 10 விழுக்காடு. 200 மெகாவாட் இயந்திரம் 20 மெகாவாட் கூட்டித் தரும். 100 மெகாவாட் இயந்திரம் 10 மெகாவாட் கூட்டும். பாருங்கள், யாரும் யாருக்கும் போன் போடவில்லை. ஆனாலும் பெரியவர் பெரிய பங்கையும் சிறியவர் சிறிய பங்கையும் சுமக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவான செய்தி, அதிர்வெண் ஒன்றுதான்.

ஆனால் கவர்னர் மட்டும் எஜமான் அல்ல. எரிபொருள் எவ்வளவு என்பதை மூன்று கட்டுப்பாடுகள் தனித்தனியே கணக்கிடுகின்றன: தொடக்கக் கட்டுப்பாடு, வேகக் கட்டுப்பாடு, வெப்பக் கட்டுப்பாடு. மூன்றில் எது மிகக் குறைவாகக் கேட்கிறதோ, அதற்குத்தான் வால்வு கீழ்ப்படியும். கவர்னர் "இன்னும் கொடு" என்று கேட்டாலும், வெப்பம் எல்லையைத் தொட்டுவிட்டால் "போதும்" என்ற சொல்லே வெல்லும். இவை எல்லாவற்றையும் மீறி வேகம் ஏறினால், சுமார் 110 விழுக்காட்டில், அதாவது 3,300 சுற்றுகளில், பாதுகாப்பு அமைப்பு எரிபொருளை அடியோடு வெட்டிவிடும். இதைத்தான் 'டிரிப்' என்கிறோம்.

5. நாடே இருண்டால்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பெரிய அளவு உற்பத்தி ஒரே நேரத்தில் கட்டமைப்பை விட்டுப் போனால், மீதி இயந்திரங்களின் மேல் சுமை ஏறும். அதிர்வெண் வேகமாக இறங்கும். சில பகுதிகளின் மின்சாரத்தைத் தானாகவே துண்டித்துச் சமநிலையைக் காக்க அமைப்பு முயலும். அதுவும் போதவில்லை என்றால், இயந்திரங்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாக டிரிப் ஆகும். எல்லாம் நொடிகளில்.

மீண்டும் தொடக்க எண்ணெய்ப் பம்பு வேண்டும், தொடக்கி வேண்டும், கணினி வேண்டும். எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். அதுதான் இல்லையே! அதனால் வெளி உதவி இல்லாமலே எழக்கூடிய சில நிலையங்கள் முதலில் தொடங்கும். மின்கலமோ சிறிய டீசல் மின்னாக்கியோ கைகொடுக்க, ஒரு நீர்மின் இயந்திரமோ எரிவாயு டர்பைனோ ஓடும். நீர்மின் இயந்திரத்தில் தீ இல்லை, சூடேற்றும் வேலை இல்லை. நீர்வழியைத் திறந்தால் சில நிமிடங்களில் தயார். கென்யீர் ஏரி நிலையத்தில் 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எரிவாயு டர்பைன். நிலக்கரி நிலையத்தின் நீராவி டர்பைனோ ஆறிப்போயிருந்தால் பல மணி நேரம் கேட்கும். தடித்த உலோகத்தை மெல்ல மெல்லச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டால் சீரற்று விரிந்து கோணிவிடும்.

முதல் நிலையம் அடுத்த நிலையத்தை எழுப்ப, இடையிடையே வீடுகளைச் சிறு சிறு பகுதியாக இணைத்துப் போவார்கள். ஒரேயடியாக இணைத்தால் அதிர்வெண் மறுபடி சரியும், எல்லாம் முதலிலிருந்து. மணிக்கணக்கு ஆவதன் காரணம் இப்போது புரிகிறது அல்லவா?

ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

கையால் சுற்றும் டைனமோ ஒன்றும் சிறு பல்புகள் மூன்றும் போதும். முதலில் பல்பு இல்லாமல் மாணவரைச் சுற்றச் சொல்லுங்கள். பிறகு பல்புகளை ஒவ்வொன்றாகப் பக்க இணைப்பில் சேருங்கள். "கை கனக்குது டீச்சர்" என்பார்கள். அந்தக் கனம்தான் லென்ஸ் விதி. ஒரே வேகத்தில் சுற்ற முயலும் அந்த மாணவர்தான் கவர்னர்.

பயிற்சி வினாக்கள்

1. எரிவாயு டர்பைனுக்குத் தொடக்கி தேவைப்படுவது ஏன்? (அமுக்கி, அழுத்திய காற்று, எரிதல் மூன்றும் விடையில் வர வேண்டும்.)

2. நான்கு துருவ மின்னாக்கி 50 ஹெர்ட்ஸ் தர நிமிடத்துக்கு எத்தனை சுற்றுகள்? (1,500. ஒரு சுற்றுக்கு இரண்டு அலைகள்.)

3. 4 விழுக்காட்டு விகிதம் கொண்ட 300 மெகாவாட் இயந்திரம், அதிர்வெண் 49.9 ஹெர்ட்ஸ் ஆனால் எவ்வளவு கூட்டும்? (0.1-ஐ 2-ஆல் வகுக்க 5 விழுக்காடு, 15 மெகாவாட்.)

4. சுமை கூடும்போது அதிர்வெண் குறைவது ஏன்? "மின்சாரம் போதவில்லை" என்று மட்டும் எழுதினால் போதாது. லென்ஸ் விதியையும் இயக்க ஆற்றலையும் சொல்லி விளக்க வேண்டும்.

மாணவர்களே, தேர்வில் விடையை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டியிருக்கலாம். புரிதல் தமிழில் வந்துவிட்டால், எந்த மொழியில் கேட்டாலும் பதில் தடுமாறாது. ஒவ்வொரு படிக்கும் "ஏன்?" என்று ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள். காரணம் தெரிந்தால் வரிசை தானாக மனத்தில் நிற்கும்.