அகவலையும் நிறுவனத்தின் நினைவும்

ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பிணைத்து, அதனைச் சார்ந்தோர் மாத்திரம் செய்திகளைப் பகிருமாறு அமைந்த வலையையே அகவலை என்கிறோம். இணையத்தின் முறைகளே இதற்கும் உரியன. ஆயின் வாயிலிற் காவலுண்டு. 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் இத்தகு தனிவலைகட்கென்றே ஒதுக்கப்பட்டவை.

இதன் தேவை யாது? செனீவாவின் சேர்ண் ஆய்வு நிலையத்திற் பலர் ஈராண்டளவே பணியாற்றி நீங்கினர். அவர் அறிந்தனவும் அவரோடு அகன்றன. இவ்விழப்பைத் தவிர்க்கவே 1989இல் ரிம் பேர்ணர்ஸ் லீ ஒரு திட்டம் வரைந்தார். ஒரு நிறுவனத்தின் நினைவைக் காக்க எழுந்த அத்திட்டமே உலகளாவிய வலையாக விரிந்தது. 1993இல் அந்நிலையம் அதனை யாவர்க்கும் பொதுவாக்கியது.

கல்லூரியிலும் ஆசிரியர் ஓய்வுபெறுவர், மாணவர் வெளியேறுவர். எழுதிவைத்ததே எஞ்சும். எழுதாதார்க்கு எவ்வலையும் உதவாது. ஆதலின், அன்பர்களே, நாம் அறிந்தவற்றை இன்றே எழுதிவைப்போமாக.