குளிர்காலத்தில் கதிரவன் வெந்நீர்

நான் வாழும் உதகையில் தை மாதத்துப் பகல் பெரும்பாலும் தெளிவானது. வெயிலும் நன்கு காய்கிறது. ஆயினும், கூரைமேல் அமைத்த சூரிய வெந்நீர்க் கருவி காலையில் வெதுவெதுப்பான நீரையே தருகிறது என்று பலர் குறைகூறக் கேட்கிறேன். குறை வெயிலில் அன்று. பகலில் ஈட்டிய வெப்பத்தை இரவில் இழப்பதில்தான் பெரிதும் உள்ளது.

முதலில், ஈட்டுவதைக் காண்போம். மார்கழியில் கதிரவன் நண்பகலிலும் உச்சிக்கு வருவதில்லை. இவ்வூரில் உச்சியினின்றும் ஏறத்தாழ 35 பாகை தெற்கே சாய்ந்து செல்கிறது. ஆதலின் தகடு தெற்கு நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். கோடையில் இடையூறு செய்யாத தெற்குப்புற மரம் இப்போது நிழல் வீழ்த்தும். அதன் கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது காத்தல். குளியலறைக்கு வரும் குழாய்க்கு வெப்பங்காக்கும் உறையிடுங்கள். இயன்றவர் மாலையிலேயே நீராடினால் இரவு இழப்பு குறையும். 100 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு உயர்த்த நான்கரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். துணை ஹீட்டரைப் பகலில் போட்டுவைத்தால், வெயில் இலவசமாகச் செய்யும் வேலைக்கு நாம் கூலி கொடுத்தவர்களாவோம். தேவையான நாளில் விடியற்காலையில் மட்டும் போடுங்கள்.

இறுதியாக உறைபனி. மேகமற்ற இரவில் தகடு தன் வெப்பத்தை வானை நோக்கி வீசிச் சுற்றியுள்ள காற்றினும் குளிர்ந்துவிடும். உறையும் நீர் பதினொன்றில் ஒரு பங்கு பெருக்கும். அப்பெருக்கத்திற்குச் செப்புக் குழாயும் வெடிக்கும். கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பார் 1909-இல், வெந்நீரை இரவிலும் காக்கும் உறையிட்ட கலத்தைத் தகட்டினின்றும் பிரித்து அமைத்தார். 1913-இல் அங்கு வந்த கடுங்குளிரில் தகட்டுக் குழாய்கள் வெடித்தன. பின்னர் அவர் எளிதில் உறையாத, சாராயங் கலந்த நீரைத் தகட்டில் தனியே சுற்றவிட்டு, அதன் வெப்பத்தைக் கலத்து நீருக்கு ஊட்டினார்.

அத்தகைய அமைப்பு இல்லாதோர், உறைபனி வரக்கூடிய மாலையில் தகட்டின் அடைப்பான்களை மூடி, அதிலுள்ள நீரை வடித்துவிடுக. காலையில் வெயில் ஏறுமுன் மீண்டும் நிரப்புக. கண்ணாடி வெற்றிடக் குழாய்கள் பனியை நன்கு தாங்குமாயினும், அவற்றோடு இணைந்த வெளிக்குழாய்களுக்கு உறை இன்றியமையாதது. கலத்தின் காற்றுப்போக்கிக் குழாயை எக்காலத்தும் அடைத்தலாகாது.

வெயில் தானே வரும். அது தந்ததைப் பேணுவது வீட்டார் கடமை. மாலையில் சில நிமிடம் செலவிட்டால் குழாயும் பிழைக்கும். வீட்டு முதியோருக்குக் காலையில் வெந்நீரும் கிட்டும்.