உயிரோடிருப்பதற்கு என்ன அத்தாட்சி?

2022 செப்டம்பரில் ஹரியானா மாநிலம் ரோத்தக் நகரில் ஓர் ஊர்வலம் போனது. பேண்டு வாத்தியம் முழங்க, ரதம் போல ஜோடித்த வண்டி ஒன்று வந்தது. ரூபாய் நோட்டு மாலையும் கழுத்துமாக, மாப்பிள்ளைக் கோலத்தில் அதில் உட்கார்ந்திருந்தவருக்கு வயது 102. ‘உங்க அத்தைவீட்டு மாமா இன்னும் உயிரோடதான் இருக்கார்’ என்று அந்த ஊர்ப் பேச்சுவழக்கில் எழுதிய அட்டையும் கூடவே வந்தது. மாநில அரசின் குடும்ப அடையாளப் பட்டியலில் பெரியவர் இறந்துவிட்டதாக யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். அதோடு முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது. ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் கையில் இருந்தும் பணம் வரவில்லை. ஊர்வலப் படங்கள் நாடெங்கும் சுற்றின. பென்ஷனும் திரும்ப வந்தது.

‘விநோத மாப்பிள்ளை’, ‘செத்தவர் ஊர்கோலம்’ என்கிற தினுசில்தான் அந்தச் செய்தி பெரும்பாலும் பேசப்பட்டது. எனக்கு அதில் விநோதமாகப் படுவது பெரியவர் செய்த காரியமே அல்ல. நூறு வயது தாண்டிய ஒருவர், தான் சாகவில்லை என்று சொல்வதற்குப் பேண்டு செட் பிடிக்க வேண்டியிருந்ததே, அதுதான். மனு கொடுத்தால் மேசையில் கிடக்கும், ஊர்வலம் போனால் டி.வி.யில் வரும், டி.வி.யில் வந்தால் அதிகாரி கோப்பை எடுப்பார் என்று அவரைச் சேர்ந்தவர்கள் போட்ட கணக்கு அட்சரம் பிசகவில்லை.

இந்தக் கணக்கை இந்தியாவில் முதலில் முழுசாகப் போட்டுப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். உத்தரப் பிரதேசம் ஆசம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிஹாரி. 1955இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா தவறிவிட, அம்மாவோடு முபாரக்பூர் பக்கம் அமிலோ என்ற ஊருக்கு வந்து வளர்ந்தார். பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. சின்ன வயதிலேயே பனாரஸ் சேலை நெய்யும் தறியில் உட்கார்ந்துவிட்டார். இருபது வயது தாண்டியதும், எத்தனை நாளைக்கு இன்னொருவர் தறியில் கூலிக்கு நெய்வது, சொந்தமாகத் தறி போடலாம் என்று வங்கியில் கடன் கேட்டார். வங்கிக்கு நிலத்தின் காகிதம் வேண்டும். அப்பா வழியில் கலீலாபாத் கிராமத்தில் அவருக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம் இருந்தது. 1976இல் அதற்கான நகல் வாங்கத்தான் போனார்.

அங்கே லேக்பால் என்று ஓர் அலுவலர் உண்டு. நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி. அவர் வசமிருந்த வருவாய்ப் பதிவேட்டின்படி லால் பிஹாரி இறந்துபோயிருந்தார். நிலம் அப்பா வழிச் சொந்தக்காரர்கள் பெயருக்கு மாறியிருந்தது. லஞ்சம் கொடுத்துச் சொந்தக்காரர்களே செய்த வேலை. எதிரே நிற்கும் ஆளைவிடப் பதிவேட்டில் இருக்கும் வரிக்குத்தான் மதிப்பு என்பது அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது. அந்த ஒரு வரியை அடிக்க 1994 வரை ஆனது. நெசவாளியின் இளமை மொத்தமும் அதில் போயிற்று.

இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அவர் செய்தவைதான் உலகப் பத்திரிகைகளில் ‘விசித்திரம்’ என்று வந்தவை. அவற்றை வரிசையாகப் படித்தால் கிறுக்குத்தனமாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, இதனால் என்ன காகிதம் கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார். புருஷன் செத்தது உண்மையானால் அந்தப் பெண்ணுக்குப் பணம் வர வேண்டும். கிடையாது என்று மறுத்தால், புருஷன் உயிரோடிருக்கிறார் என்று எழுதித்தான் மறுக்க வேண்டும். எது நடந்தாலும் அவருக்கு ஒரு சான்று. சொந்தக்காரர் வீட்டுப் பையனைக் கடத்திக்கொண்டு போனார். போலீஸ் வழக்குப் போட்டால் எப்.ஐ.ஆரில் அவர் பெயர் ஏறும். செத்தவன் மீது வழக்குப் போட முடியாது அல்லவா? வீட்டாருக்கு இது புரிந்துவிட்டதோ என்னவோ, போலீஸ் வழக்கு எதுவும் வரவில்லை. பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார். கடத்தலை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தப் பிள்ளை என்ன பயந்திருக்கும் என்பதும் கணக்கில் வர வேண்டியதுதான். ஆனால் குற்றவாளியாகவாவது அரசின் ஏட்டில் இடம் கிடைக்காதா என்று ஒரு மனிதர் ஏங்கினார் என்பதைத் தாண்டிப் போக முடியவில்லை.

லக்னோ சட்டப்பேரவைக்குள் புகுந்து துண்டுப் பிரசுரம் வீசினார். தனக்குத் தானே இறுதிச் சடங்கு நடத்தினார். பெயருக்குப் பின்னால் ‘மிருதக்’, அதாவது காலமானவர், என்று சேர்த்துக்கொண்டு, கடிதங்களில் அப்படியே கையெழுத்துப் போட்டார். பிறகு தேர்தல். 1988 அலகாபாத் இடைத்தேர்தலில் வி.பி. சிங்கை எதிர்த்து நின்றார். 1989இல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்து நின்றார். ஜெயிப்போம் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை. வேட்பாளர் என்று அரசாங்கமே அச்சடித்துத் தரும் பட்டியலில் தன் பெயர் வர வேண்டும், நாடே பார்க்கும் தொகுதியில் வர வேண்டும். அது நடந்தது. ஆனால் தேர்தல் அலுவலகம் ஏற்ற உயிரை வருவாய் அலுவலகம் ஏற்கவில்லை.

இந்த மாதிரிச் செய்திகளில் பத்திரிகைகள் விட்டுவிடுகிற இடம் இதுதான். நம் நாட்டில் சாவை எழுதி வைக்கும் ஏடு ஒன்றல்ல. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பு இறப்புப் பதிவாளர் வைத்திருப்பது ஒன்று. வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு வேறு. வாக்காளர் பட்டியல் வேறு, ரேஷன் பட்டியல் வேறு, பென்ஷன் பட்டியல் வேறு. ஒன்றில் உயிரோடிருப்பவர் இன்னொன்றில் செத்திருக்கலாம். ஒரு ஏட்டில் திருத்தப் போனால், மற்றதில் திருத்தி வா என்று அனுப்புவார்கள். ஆசம்கரில் நடந்த மோசடிக்கு மயானச் சீட்டோ டாக்டர் சான்றோ தேவைப்படவில்லை. இன்னார் இறந்தார், வாரிசு இன்னார் என்று லேக்பால் அறிக்கை எழுத, ஆட்சேபம் யாரும் சொல்லாவிட்டால் மேலே உள்ளவர் கையெழுத்துப் போட, பெயர் மாறிவிடும். செத்ததாகச் சொல்லப்பட்டவருக்குத் தகவலே போகாது. அவர் எப்படி வந்து ஆட்சேபிப்பார்? பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ பிழைக்கப் போனவர்கள், விதவைகள், அப்பா இல்லாத பிள்ளைகள் என்று கேட்க ஆளில்லாதவர்கள்தான் இப்படி அதிகம் ‘செத்தார்கள்’. தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிக்கொண்டே வரும் நிலம்; ஒரு பங்காளி இல்லாமல் போனால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடும். கொலை செய்யத் துணியாதவர்கள்கூட இதைச் செய்யத் துணிந்தார்கள். ரத்தம் இல்லை, பிணம் இல்லை, ஒரு வரிதானே.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது ஒன்றும் அந்நியமான கதை அல்ல. போலி இறப்புச் சான்றிதழ், போலி வாரிசுச் சான்றிதழ் வைத்து நிலத்தை விற்றவர்கள் கைது என்று மாவட்டச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், கட்டிக்கொடுத்த ஊரிலேயே இருந்துவிட்ட அக்கா என்று ‘இல்லாமல் ஆக்கப்படுகிறவர்’ பெரும்பாலும் சொந்த ரத்தமாக இருப்பார்.

லால் பிஹாரி தன் ஒருவருக்காக மட்டும் நிற்காததால்தான் அவரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். போகிற ஊரிலெல்லாம் தன்னைப் போல ஏட்டில் செத்தவர்கள் வந்து பார்க்க, ‘மிருதக் சங்கம்’ தொடங்கினார். இறந்தோர் சங்கம். தன் பெயர் சரியான பிறகும் அதை மூடவில்லை. 1999இல் டைம் வார இதழில் இவர்களைப் பற்றிக் கட்டுரை வர, அலகாபாத் உயர் நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்து, இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தேடச் சொன்னது. தேசிய மனித உரிமை ஆணையமும் மாநில அரசைக் கேள்வி கேட்டது. கையெழுத்துப் போடப் படித்திராத நூற்றுக்கணக்கான ஏழை விவசாயிகள் கொடுத்த மனுக்கள் சாதிக்காததை, ‘விசித்திரச் செய்தி’ என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை போட்டது சாதித்தது. அதனால்தான் விசித்திரச் செய்திகளை நான் ஒதுக்குவதில்லை. பல பேருக்கு அது ஒன்றுதான் திறந்திருக்கும் வாசல். உள்ளே வர வேண்டுமானால் வேஷம் கட்டித்தான் வர வேண்டும்.

2003இல் அவருக்கு அமைதிக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து, பிறகு சிந்திக்கவைக்கும் சாதனைகளுக்கு அமெரிக்காவில் தரப்படும் பரிசு அது. பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். அமெரிக்காவுக்குள் வர அந்நாட்டு அரசு அனுமதிக்கவில்லை. ஹார்வர்டு மேடையில் நண்பர் ஒருவர் அவருக்காகப் பரிசை வாங்கிக்கொண்டார். 2021இல் சதீஷ் கௌசிக் இயக்கத்தில், பங்கஜ் திரிபாதி நடிப்பில் ‘காகஸ்’ என்ற இந்திப் படமும் வந்தது.

இதெல்லாம் உத்தரப் பிரதேசத்து ஊழல், வளர்ந்த நாட்டில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2013இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், பல ஆண்டுகளுக்கு முன் காணாமல்போய், இறந்தவராக அறிவிக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றத்தில் நேரில் வந்து நின்றார். தீர்ப்பை மாற்ற மூன்று ஆண்டுக் கெடு முடிந்துவிட்டது, சட்டப்படி நீங்கள் இறந்தவர்தான் என்றார் நீதிபதி. 2018இல் ருமேனியாவின் வஸ்லுய் நகர நீதிமன்றமும் துருக்கியிலிருந்து திரும்பிய ஒரு தொழிலாளியிடம், மேல்முறையீடு காலம் கடந்து வந்திருக்கிறது என்று கைவிரித்தது.

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறையின் இறப்புப் பட்டியலில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பேர் உயிரோடு தவறுதலாக ஏறிவிடுகிறார்கள். ஏறியதும் வங்கிக் கணக்கு முடங்கும், மருத்துவக் காப்பீடு நிற்கும். தவறு என்றால் திருத்தலாம். 2025 ஏப்ரலில் நடந்தது தவறு அல்ல. 6,000க்கும் மேற்பட்ட குடியேறிகளை, உயிரோடிருக்கிறார்கள் என்று தெரிந்தே, அந்நாட்டு அரசு அந்தப் பட்டியலில் ஏற்றியது. சம்பளமும் வங்கிக் கணக்கும் இல்லாமல் அவர்களாகவே வெளியேறட்டும் என்பது நோக்கம். ஆசம்கரில் பங்காளி ஒரு துண்டு நிலத்துக்காகச் செய்ததை, உலகின் பணக்கார அரசு கொள்கையாகச் செய்தது. இது பெரிய செய்தியாக நின்று பேசப்பட்டிருக்க வேண்டும். சில நாளில் அடுத்த பரபரப்பு வந்து மூடிவிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நம் உச்ச நீதிமன்றத்திலும் ‘இறந்தவர்கள்’ வந்து நின்றார்கள். பீகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தில் சுமார் 65 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இல்லை. அதில் 22 லட்சத்துக்கு மேல் இறந்தவர்கள் என்று சொல்லப்பட்டது. அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்ட இருவரை, வழக்குத் தொடர்ந்தவர்களில் ஒருவரான யோகேந்திர யாதவ் நீதிபதிகள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். 22 லட்சத்தில் பெரும்பாலோர் உண்மையிலேயே காலமானவர்களாக இருக்கலாம். செத்தவர் பெயரை நீக்க வேண்டும் என்பதிலும் சண்டை இல்லை. நீக்குமுன் அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பதுதான் வேலையே.

கணினி வந்தபின் இந்தச் சிக்கல் தீரும் என்று சொன்னார்கள். தீரவில்லை. லேக்பால் காலத்தில் ஒருவரைக் கொல்ல அந்தக் கிராமத்துப் பதிவேடு கைக்கு வர வேண்டும். இப்போது எங்கோ ஒரு தரவுப் பதிவாளர் ஒரு கட்டத்தில் தவறாகக் குறியிட்டால் போதும். அந்தப் பட்டியலை நம்பும் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஆள் ஒரே நாளில் இறக்கிறார். ரோத்தக் பெரியவருக்கு நடந்தது அதுதான். இறந்தார் என்று எழுத ஒரு நொடி போதும் என்றால், இல்லை என்று எழுதவும் அதே வேகம் இருக்க வேண்டும். பெயரை நீக்குமுன் அந்த ஆளின் முகவரிக்கே தகவல் போக வேண்டும். இறப்புப் பதிவேட்டு நகல் இல்லாமல் எந்த அலுவலகமும் யாரையும் செத்தவராக எழுதக் கூடாது. எழுதியவர் பெயரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தவறாக எழுதியவருக்கு என்ன தண்டனை என்று இந்தச் செய்திகளில் ஒருபோதும் வருவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் ஆண்டுதோறும் நவம்பரில், உயிரோடிருக்கிறோம் என்று ஆயுள் சான்று கொடுக்கிறார்கள்; எண்பது வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். விரல் ரேகை வைத்துச் சான்று தரும் முறை 2014இல் வந்தது. நெசவிலும் வயலிலும் பாத்திரத்திலும் தேய்ந்த விரல்களை அந்தக் கருவி ஏற்க மறுத்தபோது, எத்தனையோ முதியவர்கள் வங்கி வாசலில் நின்றார்கள். 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று தரலாம். தபால்காரரை வரச் சொன்னாலும் 70 ரூபாயில் வீட்டுத் திண்ணையிலேயே முடித்துக் கொடுப்பார். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பென்ஷன்காரப் பெரியவர், பாட்டி யாராவது இருந்தால் இந்த நவம்பரில் போனை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் அட்டையிலும் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர்களோடு நீங்களும் போய்வாருங்கள்.