ஜொகூரில் பிறக்காத பாட்டி

2025 ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வீழ்த்தியது. முதல் கோலை அடித்தவர் ஜொகூர் டாருல் தாக்ஸிம் அணியின் பிரேசில் வீரர் ஜோவாவ் ஃபிகெய்ரெடோ. அவருடைய பாட்டி ஜொகூரில் பிறந்தவர் என்று ஆவணம் சொன்னது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டின் குடியுரிமை பெற்று அந்நாட்டுக்கு ஆடலாம் என்பது ஃபிஃபா விதி.

மறுநாளே ஃபிஃபாவுக்குப் புகார் போனது. விசாரித்தால், பாட்டி பிறந்த ஊர் பிரேசிலின் அப்ரே கம்போ! ஜொகூர் அணியின் ஹெக்டர் ஹெவலுக்கு ஆவணத்தில் மலாக்கா தாத்தா. உண்மையில் அந்தத் தாத்தா பிறந்தது ஹேக் நகரில். அதே அணியின் ஜோன் இராசாபலுக்குக் கூச்சிங் தாத்தா. அந்தத் தாத்தாவோ ஸ்பெயினின் கெர்னிகாவில் பிறந்தவர். இப்படி ஏழு பேர். செப்டம்பரில் ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, தலைக்கு 2,000 சுவிஸ் பிராங்க் அபராதம். மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 பிராங்க். தொழில்நுட்பக் கோளாறு என்றது சங்கம். நவம்பர் 3 அன்று மேல்முறையீடும் தள்ளுபடியானது.

வெளிநாட்டு வீரர் வருவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. 2014இல் அர்ஜென்டினாவின் பாப்லோ ஐமார் ஜொகூர் அணிக்கு ஆடினார். காயம் விடவில்லை, எட்டே லீக் ஆட்டங்களில் கிளம்பிவிட்டார். அவர் அர்ஜென்டினாக்காரராகவே வந்தார், அர்ஜென்டினாக்காரராகவே போனார். அதில் யாருக்கும் தலைகுனிவில்லை.

என்னைச் சுடுவது வேறு. கையால் எழுதிய, இந்தத் தாத்தா பாட்டிகளின் மூலப் பிறப்புப் பதிவுகள் தேசியப் பதிவிலாகாவுக்கு வரவேயில்லை, இரண்டாம் நிலைத் தகவலை வைத்தே நகல் வழங்கப்பட்டது என்கிறது ஃபிஃபா தீர்ப்பு. குடியுரிமை கேட்பவர் பன்னிரண்டு ஆண்டில் பத்தாண்டாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. வீரர்களுக்கு விலக்களிக்கத் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தியதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

நம் தோட்டங்களில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்புப் பதியப்படாமல் போனவர்கள் எத்தனை பேர்! அப்பா அம்மா திருமணத்தைப் பதியாததால் பத்திரம் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! இந்த மண்ணிலேயே பிறந்து, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு தலை நரைத்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பதிவிலாகா முகப்பில் போய் நின்றால் மூலப்பத்திரம் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். இரண்டாம் நிலைத் தகவல் ஏழு பேருக்குப் போதுமென்றால், பள்ளிச் சான்றும் தோட்டப் பதிவேடும் இவர்களுக்கு ஏன் போதாது? அமைச்சர் அதே அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கோப்புகளையும் திறக்கட்டும்.