பக்கத்து ஊர் ஆட்டம் பார்க்கக் கூடாது!

அமெரிக்காவின் நட்ட நடுவில் அயோவா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளக் கொல்லைதான். அதன் தலைநகரத்தை எழுதும்போது 'டெஸ் மாயின்ஸ்' என்று எழுதுவார்கள். வாயால் சொல்லும்போது 'டி மாயின்' என்பார்கள். பெயரில் உள்ள இந்தக் குழப்பம் போதாதென்று, அந்த ஊர்ப் பேஸ்பால் ரஸிகர்களுக்கு இன்னொரு குழப்பமும் பல வருஷங்களாக இருந்து வருகிறது. அது கொஞ்சம் வேடிக்கையானது. அனுபவிக்கிறவர்களுக்கு அவ்வளவு வேடிக்கையானது அல்ல.

பேஸ்பால் பார்த்திராத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று அதை வைத்துக் கொள்ளலாம். பந்து எறிகிறவர் உண்டு, கட்டையால் அடிக்கிறவர் உண்டு, ஓட்டம் உண்டு. 'மேஜர் லீக்' என்கிற முதல் தரப் பந்தயத்தில் 30 கோஷ்டிகள். மார்ச்சுக் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசிவரை ஒவ்வொரு கோஷ்டியும் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஆக, கிட்டத்தட்டத் தினம் ஒன்று! வாரத்துக்கு ஓர் அத்தியாயம் வரும் தொடர்கதைக்கே நாம் தபால்காரரை வாசலில் நின்று எதிர்பார்க்கிறோம். தினம் ஓர் அத்தியாயம் வந்தால் எப்படி இருக்கும்? அமெரிக்கக் குடும்பங்களில் பேஸ்பால் அப்படித்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்க்கிற கதை அது.

அயோவாவுக்கு என்று சொந்தமாக ஒரு மேஜர் லீக் கோஷ்டி கிடையாது. அக்கம் பக்கத்து மாகாணங்களில் ஆறு இருக்கின்றன. சிகாகோவில் இரண்டு, செயின்ட் லூயிஸ், கான்ஸாஸ் சிட்டி, மில்வாக்கி, மின்னஸோட்டா ஆகிய இடங்களில் ஒவ்வொன்று. இவற்றில் மிகவும் அருகில் உள்ள கான்ஸாஸ் சிட்டிக்கே டி மாயினிலிருந்து காரில் மூன்று மணிப் பயணம். சிகாகோவுக்கு ஐந்து மணி. தினம் போய் வருகிற தூரமா இது? ஆகவே, மேஜர் லீக் ஆட்டங்களை இன்டர்நெட் வழியாகக் காட்டும் 'எம்.எல்.பி. டி.வி.' என்னும் ஒளிபரப்புக்குச் சந்தா கட்டலாம் என்று ரஸிகர் நினைக்கிறார். 2024-ல் அதன் வருஷச் சந்தா ஏறக்குறைய 150 டாலர். நாட்டில் நடக்கும் ஆட்டங்களை எல்லாம் இதில் பார்க்கலாம் என்று பேர்.

பணத்தைக் கட்டிவிட்டுப் பெட்டியைத் திருப்பினால், சிகாகோ ஆட்டம் தெரியாது. "உங்கள் வட்டாரத்தில் இது இருட்டடிப்பு செய்யப்பட்டிருக்கிறது" என்கிற மாதிரி ஓர் அறிவிப்புதான் தெரியும். செயின்ட் லூயிஸ்? இருட்டு. கான்ஸாஸ் சிட்டி? இருட்டு. ஆறும் அப்படியே! ஒரு நாளில் 15 ஆட்டங்கள் நடந்தால் அவற்றில் ஆறு வரைக்கும், அதுவும் அவர் பார்க்க விரும்பிய ஆறு, அவருக்குக் கிடையாது. ஆட்டம் முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் திரை விலகும். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு அழைப்பிதழ் வந்தாற்போல!

இந்த அநியாயத்தைக் கேளுங்கள்: எங்கோ வட துருவத்துக்குப் பக்கத்தில், அலாஸ்காவில் இருக்கிற ஒருவர் அதே சந்தாவைக் கட்டிவிட்டு அதே சிகாகோ ஆட்டத்தை ஜம்மென்று பார்க்கலாம். சென்னையில் அச்சாகும் பத்திரிகையைக் கல்கத்தாவில் வாங்கலாம், செங்கற்பட்டில் மட்டும் விற்க மாட்டோம் என்றால் எப்படி? அதுதான் இது.

எதற்காக இப்படிச் செய்கிறார்கள்? மேஜர் லீக்கார்கள் தேசத்தை வட்டாரம் வட்டாரமாகக் கூறு போட்டு, கோஷ்டிகளுக்கு ஜமீன் மாதிரி கொடுத்திருக்கிறார்கள். தம் ஜமீனுக்குள் ஆட்டத்தைக் காட்டும் ஏகபோக பாத்தியதையைப் பல கோஷ்டிகள் ஒரு வட்டாரக் கேபிள் நிலையத்துக்குப் பெருந்தொகைக்கு விற்கின்றன. அந்த நிலையம் அதைக் கேபிள் கம்பெனிக்கு விற்கிறது. கேபிள் கம்பெனி அத்தனை சந்தாதாரர் தலையிலும் மாதா மாதம் சில டாலர்களைக் கட்டுகிறது. பேஸ்பால் என்றால் என்ன என்றே தெரியாத, சமையல் நிகழ்ச்சி மட்டும் பார்க்கும் பாட்டியம்மாளும் அதில் பங்கு கொடுத்தாக வேண்டும். இன்டர்நெட்டில் நேரே பார்க்க விட்டுவிட்டால் கேபிளுக்கு யார் பணம் கட்டுவார்கள்? அதனால்தான் இந்த வேலி. எல்லைக்கோட்டில் விழுந்த அயோவாவுக்கோ ஆறு ஜமீன்தார்கள் பாத்தியதை கொண்டாடுகிறார்கள். பாத்தியதை கொண்டாடினார்களே தவிர, அந்த ஆறு நிலையங்களையும் அங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்களா என்றால், அதுதான் இல்லை.

வேலி போடுகிற இந்தப் புத்தி புதிதல்ல. மேஜர் லீக் ஆட்டம் முதன்முதலாக ரேடியோவில் ஒலித்தது 1921 ஆகஸ்டு 5-ஆம் தேதி, பிட்ஸ்பர்க் நகரில். வீட்டிலேயே கேட்டுவிட்டால் யார் டிக்கெட் வாங்கிக் கொண்டு மைதானத்துக்கு வருவார்கள் என்று முதலாளிகளுக்குப் பயம் வந்துவிட்டது. 1930-களில் நியூயார்க்கின் மூன்று கோஷ்டிகளும் பேசி வைத்துக் கொண்டு ரேடியோவுக்குத் தடை போட்டன. 1939-ல் ப்ரூக்லின் டாட்ஜர்ஸ் நிர்வாகி லாரி மக்பெயில் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தார்.

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டவர்கள் சிகாகோ கப்ஸ் கோஷ்டியார். 1920-களிலேயே ரேடியோவுக்குத் தாராளமாகக் கதவைத் திறந்தார்கள். அக்காலத்தில் ஆட்டங்கள் எல்லாம் பகலில்தான். ஆண்கள் ஆபீஸில் இருக்க, வீட்டில் வேலை செய்துகொண்டே ஆட்டத்தைக் கேட்டவர்கள் பெண்கள்! கேட்டுக் கேட்டு ருசி கண்டவர்கள், மகளிருக்கு இலவச அனுமதி தரும் நாட்களில் மைதானத்தில் வந்து குவிந்தார்கள். 1927-ல் கப்ஸ் மைதானத்துக்கு வந்தவர்கள் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது. நேஷனல் லீக் பிரிவில் அதுவரை எந்தக் கோஷ்டியும் காணாத கூட்டம். இத்தனைக்குப் பிறகும் வேலியின்மேல் உள்ள ஆசை போகவில்லை என்றால், என்ன சொல்வது!

கோர்ட்டுக்குப் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். போனார்கள். பேஸ்பால் என்பது மாகாணம் விட்டு மாகாணம் நடக்கும் வியாபாரம் அல்ல என்று 1922-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு விசித்திரமான தீர்ப்பளித்திருந்தது. ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் இந்த ஆட்டத்தைத் தொடாமல் போனதற்கு அதுவே காரணம். 2012-ல் ரஸிகர்கள் சிலர் இருட்டடிப்பை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். பழைய சலுகை டெலிவிஷன் ஒப்பந்தங்களுக்குச் செல்லாது என்று 2014-ல் நியூயார்க் நீதிபதி சொல்லவே, ரஸிகர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. 2016 ஜனவரியில், விசாரணை தொடங்கும் தறுவாயில் ராஜி ஆகிவிட்டது. சந்தா கொஞ்சம் குறைந்தது. ஒரே ஒரு கோஷ்டிக்கு மட்டும் சந்தா கட்டும் வசதி வந்தது. உள்ளூர் இருட்டு மட்டும் அப்படியே இருந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கதை இதைவிட மனசைத் தொடுவது.

வின் ஸ்கல்லி என்று ஒரு வர்ணனையாளர். 1950-ல் டாட்ஜர்ஸ் கோஷ்டிக்காகப் பேச ஆரம்பித்தவர், 2016 வரையில் 67 பருவங்கள் பேசினார். 1958-ல் கோஷ்டி ப்ரூக்லினை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தபோது, ஆட்டம் நடந்த கொலீஸியம் மைதானம் பிரம்மாண்டமானது. பின்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு ஆட்டக்காரர் எறும்பு மாதிரிதான் தெரிவார். அதனால் ஜனங்கள் கையோடு டிரான்ஸிஸ்டர் ரேடியோ கொண்டுவந்து, எதிரில் நடக்கும் ஆட்டத்தை ஸ்கல்லியின் குரலில் கேட்டுப் புரிந்துகொண்டார்கள். 1960-ல் ஒரு நாள், நடுவர்களில் ஒருவருக்கு இன்று பிறந்த நாள் என்றும், 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று தாம் எண்ணியதும் எல்லாரும் வாழ்த்த வேண்டும் என்றும் ஸ்கல்லி ரேடியோவில் சொன்னார். மைதானம் முழுவதும் ஒரே குரலாக வாழ்த்தியது. பாவம், அந்த நடுவருக்கு ஒன்றும் புரியவில்லை!

பாட்டி கேட்ட அதே குரலைப் பேத்தியும் கேட்டு வளர்ந்த நகரம் அது. 2014-ல் டாட்ஜர்ஸ் கோஷ்டியின் ஒளிபரப்பு ஒரு புதிய நிலையத்துக்கு மாறியது. டைம் வார்னர் கேபிள் கம்பெனியுடன் 25 வருஷ ஒப்பந்தம். தொகை 800 கோடி டாலருக்கும் மேல் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் கம்பெனி கேட்ட விலையை மற்றக் கம்பெனிகள் கொடுக்க மறுத்தன. விளைவு, நகரத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் டாட்ஜர்ஸ் ஆட்டம் தெரியவில்லை. இன்டர்நெட்டில் பார்க்கலாம் என்றால், உள்ளூர்க்காரருக்குத்தான் இருட்டடிப்பு ஆயிற்றே! ஸ்கல்லியின் கடைசி மூன்று பருவங்கள் இப்படிக் கழிந்தன. எண்பது வயதைத் தாண்டியவர் அன்றாடம் பேசிக் கொண்டிருக்கிறார். அறுபது வருஷமாகக் கேட்டவர்கள் அவர் பேசும் ஆட்டத்தைக் காண முடியாமல் இருக்கிறார்கள். அவர் ஓய்வு பெறும் கடைசி நாட்களின் சில ஆட்டங்களை மட்டும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு நிலையத்திலும் காட்டிப் புண்ணியம் கட்டிக் கொண்டார்கள்.

தகராறு தீர்ந்தது 2020 ஏப்ரலில். கதவு திறந்தபோது உள்ளே ஆட்டம் இல்லை. கொரோனா வந்து மைதானங்களைப் பூட்டியிருந்தது! ஜூலையில்தான் பருவம் தொடங்கியது. 1988-க்குப் பிறகு முதல் தடவையாக அந்த ஆண்டு டாட்ஜர்ஸ் உலகப் பட்டத்தை வென்றார்கள். ஸ்கல்லி அப்போது ஓய்வில் இருந்தார். 2022 ஆகஸ்டில் காலமானார்.

ஜமீன் ஏற்பாடு இப்போது தானாகவே ஆட்டம் கண்டிருக்கிறது. கேபிளை வேண்டாம் என்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். பல வட்டார நிலையங்களை நடத்திய டயமண்ட் என்ற கம்பெனி 2023 மார்ச்சில் திவால் மனுக் கொடுத்தது. அந்த வருஷமே ஸான் டியகோ, அரிஸோனா கோஷ்டிகளின் ஒளிபரப்பை மேஜர் லீக்கார்களே கையில் எடுத்துக் கொண்டு, உள்ளூர்க்காரர்களுக்கும் இருட்டடிப்பு இல்லாமல் இன்டர்நெட்டில் விற்றார்கள். மாதம் ஏறக்குறைய 20 டாலர். முடியாது முடியாது என்று இத்தனை வருஷம் சொன்ன காரியம் ஒரே பருவத்தில் முடிந்துவிட்டது பாருங்கள்! அதற்கப்புறம் வேறு சில கோஷ்டிகளும் அந்த வழிக்கு வந்திருக்கின்றன. ஆனால் கோஷ்டிக்கு ஒரு சந்தா என்று கட்டினால், அயோவாக்காரர் கையில் என்ன மிஞ்சும்?

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பெரிய கம்பெனிகள் ஆட்டங்களைத் துண்டு துண்டாகப் பிய்த்துக் கொண்டு போகின்றன. 2022-லிருந்து சில வெள்ளிக்கிழமை ஆட்டங்கள் ஆப்பிள் கம்பெனிக்கு. அந்த வருஷம் செப்டம்பரில் நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 60 'ஹோம் ரன்' அடித்து, 1961-ல் ராஜர் மாரிஸ் செய்த 61 என்ற சாதனையைத் தொட இருந்தார். அந்தச் சமயம் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் ஆப்பிளின் பங்கில் விழுந்தது. கட்டணம் கூடக் கேட்கவில்லை. ஆனாலும் எந்தப் பொத்தானை அழுத்துவது, எங்கே போய்ப் பெயர் பதிவது என்று வயதானவர்கள் திண்டாடினார்கள். நியூயார்க்கின் அட்டர்னி ஜெனரலே தலையிட்டு, வழக்கமான நிலையத்திலும் காட்டும்படி கேட்டுக் கொண்டார். நடக்கவில்லை. நல்ல வேளை, அன்று ஜட்ஜும் ஹோம் ரன் அடிக்கவில்லை!

நாடு தழுவிய ஒப்பந்தங்கள் எல்லாம் 2028-ஆம் வருஷப் பருவத்தோடு முடிகின்றன. அதன் பிறகு உள்ளூர் உரிமைகளையும் ஒன்றாகத் திரட்டி விற்க வேண்டும் என்பது மேஜர் லீக் கமிஷனர் ராப் மான்ஃப்ரெடின் எண்ணம். சொந்த ஒளிபரப்பில் கொழுத்த வருமானம் காணும் பெரிய கோஷ்டிகள் லேசில் இணங்குமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதுவரை அயோவாக்காரருக்கு ஒரு வழி உண்டு. இந்த இருட்டடிப்பு எல்லாம் படத்துக்குத்தான். ரேடியோ வர்ணனைக்குக் கிடையாது. செயின்ட் லூயிஸின் 'கே.எம்.ஓ.எக்ஸ்.' நிலையம் 50,000 வாட் சக்தி உள்ளது. இருட்டிய பிறகு அதன் அலை மாகாண எல்லைகளைத் தாண்டி மக்காச்சோள வயல்களுக்கு மேலாக வெகு தூரம் போகிறது. சந்தா இல்லை, பெயர் பதிவு இல்லை. சமையலறை அலமாரியில் ஒரு பழைய ரேடியோப் பெட்டி இருந்தால் போதும்.