புது காருக்குக் கல்லடி... வளையலை அடகு வைக்க வேண்டுமா?

'மீஞ்சூர் பக்கத்தில் இரண்டு ஏக்கரில் நெல் போடுகிறேன். மகள் வேலைக்குப் போய், ஐந்து வருடக் கடனில் எங்களுக்கு ஒரு சின்ன கார் எடுத்துக் கொடுத்தாள். என் மனைவிக்கு ராயபுரம் பக்கத்து மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் சிகிச்சை. அதற்காகத்தான் கார். எடுத்து 40 நாள்தான் ஆகிறது. அதற்குள் முன்பக்கம் 14 இடத்தில் பெயின்ட் பெயர்ந்துவிட்டது. கடையில் கேட்டால், வண்டி முழுக்க ஃபிலிம் ஒட்ட 85,000 ரூபாய் என்கிறார்கள். மனைவி வளையலைக் கழற்றிக் கொடுக்கிறாள். அடகு வைத்து ஒட்டலாமா?'

நமது கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. இதற்கு நான்கு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கத்து விவசாயிகள் பலர் இன்று கார், குட்டியானை, லோடு ஆட்டோ என்று ஏதோ ஒரு வண்டியோடு தினமும் போய் வருகிற சாலை அது. அதனால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய காரிலேயே ஏறிக்கொண்டோம்.

கல் எங்கிருந்து வருகிறது?

திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி சாலை. சுருக்கமாக டி.பி.பி. ரோடு. இடதும் வலதுமாகக் கன்டெய்னர் லாரிகள். காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், வட சென்னை மற்றும் வல்லூர் அனல் மின் நிலையங்கள், மணலி தொழிற்சாலைகள் என அத்தனைக்கும் போகிற வர்ற வண்டிகள் இந்தப் பகுதிச் சாலைகளில்தான் ஓடுகின்றன. 2001-ல் எண்ணூர் துறைமுகம் செயல்பாட்டுக்கு வந்தது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது கையாள்வது நின்றது. ராயபுரம் மக்கள் வீட்டில் படிந்த கரித்தூசி குறைந்தது. ஆனால், அந்தச் சரக்கு எண்ணூர் பக்கம் நகர்ந்தது.

"பாருங்க சார், அந்த லாரி பின் சக்கரத்தை..." என்று காட்டினார் நம் விவசாயி.

இரட்டைச் சக்கரம். இரண்டு டயருக்கும் நடுவே ஒரு ஜல்லி சிக்கிக்கொண்டு சுற்றியது. அது எப்போது விடுபடும் என்று சொல்ல முடியாது. விடுபட்டால் பின்னால் வருகிறவர் மீதுதான். சாலை ஓரத்து மண், குழியை அடைக்கக் கொட்டிய ஜல்லி, தார்ப்பாய் போடாத லாரியில் இருந்து சிந்தும் சாம்பல், கரித்துண்டு எல்லாம் இப்படித்தான் பறந்து வருகின்றன.

கடிதத்தில் சொல்லாத ஒரு விஷயத்தை, அவர் வண்டி ஓட்டும்போது கவனித்தோம். மருத்துவமனைக்கு நேரமாகிவிடுமோ என்ற பதற்றத்தில், லாரியின் பின்பக்கத்தை முட்டுவதுபோல நெருக்கிப் போகிறார். வழி கிடைத்ததும் ஒரே அழுத்தாக அழுத்தி முந்துகிறார்.

மேஸ்திரி சொன்ன கணக்கு

திருவொற்றியூரில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரியிடம் வண்டியைக் காட்டினோம். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, பின்னர் அசோக் லேலண்ட் ஆன ஆலையும், 1955-ல் திருவொற்றியூரில் வந்த என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் இந்தப் பகுதியில் வண்டித் தொழில் தெரிந்த பல தலைமுறைகளை உருவாக்கியிருக்கின்றன. இந்த மேஸ்திரியும் அப்படித் தொழில் கற்றவர்தான்.

அவர் பானெட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "ஐயா, இதுல பதினாலு அடி இருக்குன்னு எழுதினீங்க. எட்டு அடி பம்பர்ல இருக்கு. பம்பர் பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது. அதை மறந்துடுங்க. மிச்சம் ஆறு, பானெட்ல. அதுலயும் நாலு மேல் பெயின்ட்டோட நின்னுருச்சு. ரெண்டுதான் தகடு வரைக்கும் போயிருக்கு. உங்களுக்கு வேலை அந்த ரெண்டுலதான்."

கார் பெயின்ட் ஒரே பூச்சு இல்லை. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோல நிறமில்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் வரும். கிளியர் கோட்டில் மட்டும் அடி என்றால் அழகுதான் போகும். வெள்ளி நிறத்தில் தகடு தெரிந்தாலோ, ஓரத்தில் பழுப்பு நிறம் படர்ந்தாலோதான் ஆபத்து. எண்ணூர் காற்றில் உப்பு இருக்கிறது. கடலை ஒட்டி ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையில் போய் வந்தால் வண்டி முழுக்க உப்புப் படலம் படியும். தகடு தெரியும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால், துரு பெயின்ட்டுக்கு அடியிலேயே பரவும். அரிசி அளவு அடி, ஓரிரு மழைக்காலத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஆகிவிடும் என்கிறார் மேஸ்திரி.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கல் மோதும் பலத்தைவிட, 60-ல் போகும்போது அது இரண்டேகால் மடங்கு. வேகம் கூடியது ஒன்றரை மடங்குதான். அடியின் பலமோ வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. எதிரில் வரும் வண்டி தெறிக்கவிட்ட கல் என்றால், கல்லின் வேகமும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

எனவே, முதல் வைத்தியம் காசில்லாதது. லாரிக்குப் பின்னால் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், குறைந்தது மூன்று விநாடி இடைவெளி விடுங்கள். அது ஏறக்குறைய 40 மீட்டர். லாரி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று' என்று எண்ணுங்கள். அதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால், நெருக்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். ஜல்லி கிடக்கும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். பெயின்ட்டைவிட முக்கியமான முன் கண்ணாடியும் இதனால் பிழைக்கும்.

ஈர்க்குச்சியே போதும்!

தகடு தெரியும் இரண்டு இடங்களையும் மேஸ்திரி நம் எதிரிலேயே சரிசெய்தார். வீட்டிலும் செய்யக்கூடிய வேலைதான் இது.

கார் நிறத்துக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. கதவைத் திறந்தால் தூணில் உள்ள ஸ்டிக்கரிலோ, பானெட்டுக்கு அடியிலோ இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி, டச்-அப் பெயின்ட் வாங்க வேண்டும். 'வெள்ளைதானே' என்று ஏதோ ஒரு வெள்ளையை வாங்கினால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

அடிபட்ட இடத்தைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, எண்ணெய்ப் பசை போக ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். துரு இருந்தால், மிக நைஸான உப்புத்தாளைச் சிறிதாக மடித்து, துரு உள்ள புள்ளியை மட்டும் தேய்க்க வேண்டும். முதலில் ஒரு புள்ளி பிரைமர். காய்ந்ததும் நிறம். மேஸ்திரி இதற்குப் பிரஷ் எடுக்கவில்லை. தென்னை ஈர்க்குச்சி ஒன்றைக் கூராகச் சீவி, அதன் முனையில் பெயின்ட்டைத் தொட்டு, குழிக்குள் மட்டும் விட்டார். ஒரே தடவையில் நிரப்பாமல், ஒவ்வொரு முறையும் காயவிட்டு இரண்டு மூன்று முறை மெல்லியதாக விட்டார். கடைசியில் கிளியர் கோட். உற்றுப் பார்த்தால் தெரியும். ஆனால், துரு ஏறாது.

செலவு? டச்-அப் பெயின்ட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து 900 ரூபாய்.

ஃபிலிம் வேண்டாமா?

ஃபிலிம் ஏமாற்று வேலை இல்லை. ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க வந்த தொழில்நுட்பம் அது. பாலியூரித்தேன் என்ற, ரப்பர்போல நெளியும் பொருளில் செய்த தடித்த ஃபிலிம். கார் பெயின்ட்டைவிடத் தடிமன் அதிகம் என்பதால், கல் அடியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால், வண்டி முழுக்க ஒட்டத் தேவையில்லை. கல் அடிப்பது பானெட்டின் முன் ஓரம், கூரையின் முன் விளிம்பு, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில்தான். அந்த இடங்களுக்கு மட்டும் துண்டாக ஒட்டினால் செலவு பல மடங்கு குறையும். அதையும் கையில் காசு இருக்கும்போது செய்யலாம். அடகு வைத்துச் செய்யும் வேலை இல்லை.

இன்னொன்று, 'செராமிக் கோட்டிங்', 'டெஃப்லான் கோட்டிங்' என்று சொல்வார்கள். அவை பளபளப்புக்கும், அழுக்கு எளிதாகக் கழுவப்படவும் உதவும். சில மைக்ரான் தடிமன்தான். கல்லைத் தடுக்காது. கல்லடிக்காக என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

துறைமுகத்தில் கப்பலேறக் காத்திருக்கும் புதுக் கார்களின் பானெட்டில் வெள்ளைத் தாள்போல ஒட்டியிருக்குமே, அது வேறு. அது பயணத்துக்கு மட்டுமான ஃபிலிம். அப்படி ஒன்று உங்கள் வண்டியில் இருந்தால், அழகாக இருக்கிறது என்று விட்டுவைக்காதீர்கள். வெயிலில் பசை இறுகினால் உரிப்பது பெரும்பாடு.

இவற்றையெல்லாம்விட லாபம் தருவது மட் ஃபிளாப். நான்கு சக்கரத்துக்கும் போட்டுவிட்டால், உங்கள் சக்கரமே உங்கள் வண்டி மீது வீசும் கல் குறையும். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் புண்ணியம்.

கழுவுவதில்தான் பாதிப் பாதுகாப்பு

இந்தப் பகுதியில் வண்டி மேல் படிவது வெறும் மண் இல்லை. சாம்பலும் கரித்தூசியும் கலந்த தூசி. அதை உலர்ந்த துணியால் துடைத்தால், உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். தினமும் காலையில் பழைய லுங்கியால் 'சுத்தமாக' துடைத்ததால்தான் நம் விவசாயியின் வண்டியில் வட்ட வட்டமாகக் கீறல். முதலில் மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்க வேண்டும். சக்கர வளைவுக்கு உள்ளேயும், அடிப்பகுதியிலும் ஊற்ற வேண்டும். அதன் பிறகு ஷாம்பு, மென்மையான துணி. சுட்டெரிக்கும் வெயிலில் கழுவக் கூடாது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். மீஞ்சூர் பகுதியில் பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்ததால் கடல் நீர் உள்ளே புகுந்த கதை விவசாயிகளுக்குத் தெரியும். பயிரைக் கருக்கும் அந்த உப்புத் தண்ணீர் தகட்டை மட்டும் விட்டுவைக்குமா? போர் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், கடைசியாக இரண்டு வாளி நல்ல தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றி, உடனே ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

வாசகர்கள் கேட்கும் மற்ற கேள்விகள்

முன்னால் கம்பி பம்பர் மாட்டினால் கல் படாதே?

கல் அதன் இடுக்கு வழியே வரும். தவிர, 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர்களுக்கு ஆபத்து; அபராதமும் உண்டு.

காப்பீட்டில் கேட்டு வாங்கலாமா?

சின்ன அடிகளுக்கு வேண்டாம். ஓர் ஆண்டு முழுக்க இழப்பீடு கேட்காமல் இருந்தால், அடுத்த ஆண்டு வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவிகிதம் தள்ளுபடி. அது படிப்படியாக 50 சதவிகிதம் வரை உயரும். 900 ரூபாய் வேலைக்காக அதை இழக்காதீர்கள். முன் கண்ணாடி உடைவதுபோலப் பெரிய சேதம் என்றால், கணக்குப் போட்டுப் பார்த்துக் கேளுங்கள்.

உரமூட்டை ஏற்றுகிறேன். பெயின்ட்டுக்குக் கெடுதலா?

பொட்டாஷ் உரத்தில் இருப்பதும் உப்பு வகைதான். யூரியாவும் ஈரத்தை இழுக்கும். மூட்டைக்கு அடியில் தார்ப்பாய் விரியுங்கள். இறக்கியதும் கூட்டிவிட்டு, அன்றே கழுவிவிடுங்கள்.

கவர் போட்டு மூடி வைக்கலாமா?

தூசியோடு மூடினால், காற்றில் கவர் ஆடி ஆடிக் கீறல் விழும். ஈரத்தோடு மூடினால் துரு. கழுவிக் காயவைத்து மூடுங்கள். தென்னை மரத்தடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். மட்டை விழுந்தால் ஈர்க்குச்சி வைத்தியம் பலிக்காது!

வளையல் எங்கே?

திரும்பும்போது மருத்துவமனை வாசலில் இருந்து அவருடைய மனைவியையும் ஏற்றிக்கொண்டோம். மேஸ்திரி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ இது வேணாமா?" என்று கைப்பையில் இருந்து காகிதத்தில் சுற்றிய வளையல்களை எடுத்தார். அடகுக்கடைக்குப் போவதற்காகக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தாராம்.

"போட்டுக்கோ" என்றார் கணவர்.

மணலி புதுநகர் தாண்டியதும் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி. அவருடைய கால் பழக்கப்படி ஆக்சிலேட்டருக்குப் போனது. பின் சீட்டில் இருந்து குரல் வந்தது, "ஆயிரத்து ஒண்ணு... ஆயிரத்து ரெண்டு..."

கால் மெதுவாக மேலே வந்தது.